இரண்டாம் பாகம் நிலுவையில்

புனே
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பா,

ஈஸ்டருக்கு வந்துவிட்டு ஒரு நாள் முன்னதாகவே நான் கிளம்பிப் போனதிலிருந்து நாம் சரியாகப் பேசவில்லை. கூப்பிட்டால் எடுக்கிறீர்கள். "சரிம்மா, நல்லது, வைக்கட்டுமா" என்கிறீர்கள். போன வாரம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். நல்லது என்றீர்கள்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். என் வேலையே இதுதான். ஒன்றோடொன்று பேசாத செயலிகளைப் பேசவைப்பது. ஒரு புது மின்னஞ்சல் முகவரி திறந்திருக்கிறேன். அந்த முகவரிக்கு நான் வீடியோ அனுப்புவேன். மெயில் வந்ததும் வீடியோவை எடுத்து இன்னொரு செயலிக்குக் கொடுக்க ஓர் இணைப்பு வைத்திருக்கிறேன். அந்தச் செயலி பேச்சைக் கேட்டுப் படத்தின் அடியில் தமிழில் எழுதிவிடும். எழுதி முடித்ததும் அது உங்கள் மெயிலுக்கு வந்துவிடும். எல்லாம் தானாக நடக்கும். நடுவில் மனிதர் யாரும் இல்லை.

இரண்டு விஷயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமான வீடியோவை மெயில் தாங்காது, துண்டு துண்டாகத்தான் அனுப்ப வேண்டும். அப்புறம் இது இலவசத் திட்டம், மாதத்துக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு.

பக்கத்து வீட்டுக் கனகமணி அக்காவிடம் சொல்லி அம்மாவின் ஃபோனிலும் இந்த முகவரியைச் சேர்த்திருக்கிறேன். 'ஷைனா வீடியோ' என்ற பெயரில் இருக்கும். சர்ச்சில் ஏதாவது பேசினால் அம்மா எடுத்து அனுப்பட்டும், உங்களுக்கு எழுத்தோடு வரும்.

ஷைனா

&nbsp;

வெலிங்டன்
10 செப்டம்பர் 2025

பொருள்: அடியில் எழுத்து ஓடும் வீடியோ கிடைக்கப்பெற்றமை தொடர்பாக.
பார்வை: உன் 6ஆம் தேதிக் கடிதம்.

அன்புள்ள ஷைனா,

பார்வையில் கண்ட கடிதமும் முதல் வீடியோவும் வந்து சேர்ந்தன.

நீ விவரித்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. எங்கள் அலுவலகத்தில் இதை நஞ்சப்பன் செய்தார். தபாலை எடுப்பார், டைப்பிஸ்டிடம் கொடுப்பார், டைப் ஆனதும் தலைமை எழுத்தரான என் மேசைக்குக் கொண்டுவருவார். நடுவில் டீ குடிப்பார். உன் இணைப்பு டீ குடிப்பதில்லை என்கிறாய். டீ குடிக்காமல் ஒரு கோப்பு நகரும் என்பதை என் அனுபவம் ஏற்க மறுக்கிறது. ஆனாலும் வீடியோ வந்துவிட்டது.

உன் சமையலறையில் நின்றுகொண்டு பேசுகிறாய். அடியில் எழுத்து ஓடுகிறது: "அப்பா, நான் சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா?" இத்தனை வருஷமாக நீ ஃபோனில் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாய்.

சாப்பிட்டேன்.

காதில் மாட்டும் மெஷின் ஏன் அலமாரியில் கிடக்கிறது என்று ஈஸ்டரின்போது கேட்டாய். அது குக்கர் விசிலைத்தான் பெரிதாக்குகிறது, மனிதரைப் பெரிதாக்குவதில்லை. உன் ஏற்பாட்டிலும் குறை உண்டு. உன் அம்மா சர்ச்சில் எடுத்து அனுப்பிய அறிவிப்பில், தகரக் கூரைமேல் மழை பெய்த இடத்தில் 'கைதட்டல்' என்று வந்தது. பெண்கள் சங்கக் கூட்டம் வியாழனுக்கு மாற்றப்பட்டதை சபை இவ்வளவு உற்சாகமாக வரவேற்றதா என்று சற்று வியந்தேன்.

குறை இருந்தாலும், நன்றி. வீடியோவைப் பலமுறை பார்த்தேன். எத்தனை முறை என்பது அலுவல் சாராதது.

தேவநேசன்

&nbsp;

புனே
17 செப்டம்பர் 2025

அப்பா,

நீங்கள் சாப்பிட்டது சந்தோஷம்.

ஆனால் மாதம் பாதிதான் ஆகிறது, நிமிடங்கள் ஏறக்குறைய தீர்ந்துவிட்டதாக எனக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. நான் அனுப்பியது நாலைந்து வீடியோ. மீதி எல்லாம் உங்கள் மெயிலிலிருந்து போயிருக்கின்றன. என்ன அனுப்பினீர்கள்?

ஷைனா

&nbsp;

வெலிங்டன்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷைனா,

முதலில் உன் தணிக்கைக் கேள்விக்குப் பதில். சபைக்காரர்கள் வருஷமெல்லாம் பகிரும் பிரசங்க வீடியோக்கள் என் ஃபோனில் சேர்ந்து கிடந்தன. இவ்வளவு நாள் காதில் விழாமல் போனவற்றையெல்லாம் தெரிந்துகொள்ளலாமே என்று துண்டு துண்டாக அனுப்பினேன். படித்துப் பார்த்ததில், பல ஆண்டுகளாக நான் பட்ட வருத்தத்தில் பெரும்பகுதி அநாவசியம் என்று தெரிந்தது.

இப்போது வேறு விஷயம்.

நேற்று மாலை மூன்று வீடியோக்கள் அனுப்பப்பட்டன. அனுப்பியவள் உன் அம்மா. எனக்காக அனுப்பவில்லை, உனக்காக அனுப்பினாள். 'ஷைனா வீடியோ' என்று பேர் இருந்தால் அது ஷைனாவுக்குப் போகும் என்று நினைப்பதில் அவள் மேல் தவறு சொல்ல முடியாது. ஆனால் உன் நஞ்சப்பன் நேராக என்னிடம் கொண்டுவந்துவிட்டான். வேலை முடிந்த வரிசையில் கொண்டுவருகிறான், சொன்ன வரிசையில் அல்ல. சிறியது முதலில் முடிந்தது. ஆகையால் கடைசி பாகம் முதலில் வந்தது.

அதில் அவள் சொன்னது: "அதனாலதான் சொல்றேன் கண்ணு. நான் அங்கயே வந்துடறேன். கொஞ்ச நாளோ ரொம்ப நாளோ, வந்து பாத்துக்கலாம். உங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன். சரி, நல்லதுன்னுட்டார்."

'அதனால்' என்று தொடங்கும் உத்தரவை, காரணம் காட்டும் பத்தி இல்லாமல் நான் பணியில் ஒருநாளும் ஏற்றதில்லை. சற்று நேரத்தில் முதல் பாகம் வந்தது. அதையும் அப்படியே எழுதுகிறேன்:

"உங்கப்பாவுக்கு எது சொன்னாலும் சரிதான். சனிக்கிழமை நம்ம ஊட்டு முன்னறையில பாட்டுப் பழகிக்கலாமான்னு பாடகர் குழு கேட்டாங்க. சரின்னார். இப்ப இருவது பேரு நின்னு பாடறாங்க, அவரு நடுவுல உக்காந்து பேப்பர் படிக்கிறார். அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடறீங்களான்னு போதகர் ஐயா கேட்டார். அதுக்கும் சரி. ஒரே பூசணிக்காய மூணு பேருக்கு வித்துட்டு வந்தார். அதெல்லாம் சிரிச்சுட்டு விட்டுடலாம் கண்ணு. ஆனா போன மாசம் நடந்தது..."

அத்துடன் முடிகிறது. (பூசணிக்காய் விவகாரத்தில் ஏலம் கேட்டவர்களும் முறைப்படி கை தூக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

இரண்டாம் பாகம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு வரி வந்தது: 'நிலுவையில். இந்த மாதத்துக்கான நிமிடங்கள் தீர்ந்தன.' பணிக்காலம் முழுவதும் 'நிலுவையில்' என்ற சொல்லைப் பிறர் கோப்புகளில் எழுதியவன் நான். அதை வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை.

போதகர் பிரசங்கத்துக்கு நிமிடங்களைச் செலவழித்துவிட்டு, உன் அம்மா பேசியதற்கு மிச்சம் வைக்காமல் போனேன்.

எனக்கு வந்த கடிதமல்ல என்று முதல் வரியிலேயே தெரிந்தது. தெரிந்தும் படித்தேன். போன மாதம் என்ன நடந்தது? இரண்டாம் பாகத்தை அனுப்பிவை. உன் அம்மா என்னை விட்டுப் போகிறாளா?

அப்பா

&nbsp;

புனே
23 செப்டம்பர் 2025

அப்பா,

நிலுவையில் இருந்ததை என் கணக்கு வழியாகத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு வெகுநேரம் அழுதேன். உங்கள் மாப்பிள்ளை ஷிஜோ பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

அனுப்ப மாட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "வீடியோ போட்டு ரெண்டு நாளாச்சு கண்ணு, பதிலே காணோமேன்னு பாத்தேன்" என்றார். இதை அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னேனே. கோயமுத்தூர் கிளம்பறப்பவே சொன்னேன். குடை எடுத்துக்கோன்னார்."

பயப்பட வேண்டியது இப்போது எதுவும் இல்லை. ஆனால் பயந்திருக்க வேண்டிய நாட்கள் இருந்தன. அவற்றில் அம்மாவுடன் கனகமணி அக்காதான் இருந்தார்.

அம்மாவின் டிக்கெட் அக்டோபர் நாலாம் தேதிக்கு. நான் வரச் சொல்லவில்லை, அவராகக் கேட்டார். ஒன்றாம் தேதி நிமிடக் கணக்கு புதிதாகத் தொடங்கும், இரண்டாம் பாகம் தானாகவே உங்களுக்கு வந்துவிடும். அதற்குள் நீங்களே அம்மாவிடம் கேளுங்கள். இரண்டு பாகம் படித்ததையும் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை "என்ன?" என்று கேட்க உங்களுக்கு என்ன கஷ்டம்?

ஷைனா

&nbsp;

வெலிங்டன்
25 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷைனா,

கேட்டிருக்கிறாய், சொல்கிறேன்.

காது கேட்காதவன் முதல் தடவை "என்ன?" என்றால், எதிரில் இருப்பவர் திரும்பச் சொல்வார். இரண்டாம் தடவை கேட்டால் கத்துவார். கத்தினால் இன்னும் புரியாது, முகம் மட்டும் நன்றாகப் புரியும். மூன்றாம் தடவை கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார். நீ எந்த மொழியில் எந்த வேகத்தில் சொன்னாலும் எனக்குத் தவறாமல் விளங்குகிற வாக்கியம் அது ஒன்றுதான்.

உலகத்தில் எவ்வளவோ 'ஒண்ணுமில்லை' நடந்துகொண்டிருக்கிறது, எல்லாரும் அதைப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுத் தொந்தரவு செய்யாமலிருக்க நான் கண்டுபிடித்த வழி 'சரி'. யாருக்கும் சிரமமில்லை. அலுவலகத்தில் கடைசி சில வருடங்களை அதை வைத்துத்தான் ஓட்டினேன். நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

ஈஸ்டர் அன்று மதியச் சாப்பாட்டில் நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். என்ன என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். "ஒண்ணுமில்ல, விடுங்கப்பா" என்று நீ சொன்னாய். அப்பாவிடம் குரலை உயர்த்தாதே என்று நான் சொன்னது அதன் பிறகுதான். நீ பெட்டியைக் கட்டினாய்.

இன்று இரண்டு தடவை சமையலறை வாசல்வரை போனேன். முதல் தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவையும் தண்ணீர்தான். உன் அம்மா, சர்க்கரை பரிசோதிக்க வேண்டுமோ என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அப்பா

&nbsp;

புனே
26 செப்டம்பர் 2025

அப்பா,

மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று நான் சொன்னது அப்படி விழும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காததைக் கேட்டதுபோல நீங்கள் நடிக்கிறீர்கள் என்று எனக்குக் கோபம். திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை என்பதை யோசிக்கவே இல்லை. செயலிகளைப் பேசவைக்கிற வேலையில் ஒரு செய்தி போய்ச் சேராவிட்டால், சேரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும்படிதான் அமைப்போம். வீட்டில் அதைச் செய்யவில்லை.

அன்று சிரித்தது இதற்கு. நீங்கள் கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தீர்கள். நீளமான ஜெபம். பூனை வந்து உங்கள் தட்டிலிருந்த மீனை நிதானமாக எடுத்துக்கொண்டு போனது. நீங்கள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தீர்கள், பிறகு அம்மாவைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான்.

தண்ணீர் போதும். கேளுங்கள்.

ஷைனா

&nbsp;

வெலிங்டன்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷைனா,

மீன் விவகாரம் தெளிவானது. எனக்கு மீன் வைக்கவில்லை என்று அன்று உன் அம்மாவிடம் கோபித்துக்கொண்டதை வாபஸ் பெற்றுவிட்டேன். பேச்சைத் தொடங்க அது வசதியாகவும் இருந்தது.

ஆராதனை முடிந்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் உனக்கு அனுப்பியது என்னிடம் வந்துவிட்டது, இரண்டு பாகம் படித்தேன், நடுப் பாகம் வரவில்லை என்றேன். கீரையைக் கீழே வைத்தாள். ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கேட்டது அவளுக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "இப்ப என்ன சொன்னீங்க?" என்றாள். அதை உதட்டிலேயே படித்துவிட்டேன்.

"என்னன்னு கேட்டேன். நீ சொன்னது கேக்கல. திரும்பச் சொல்லு."

சொன்னாள். ஜூலை முடிவில் குளிக்கும்போது மார்பில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. 'கட்டி' என்ற சொல் எனக்கு ஒரே தடவையில் கேட்டது. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன். எந்த ஆஸ்பத்திரி? என்ன? ஊசி போட்டு எடுத்தார்களா? என்ன? முடிவு வர எத்தனை நாள்? என்ன? அவள் கத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே குரலில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பயப்படுகிற கட்டி இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. அதை மட்டும் காதில் விழுந்தபிறகும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

கோயமுத்தூர் கிளம்பிய அன்று காலை வாசலில் நின்று என்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மழை வரும்போல இருந்தது, அதனால் குடை.

"ஏனுங்க, உங்களுக்குக் காது கேக்கலைன்னு எனக்கு ஒருநாளும் கோவமில்லீங்க. கேக்காதத கேட்டமாதிரி தலையாட்டுறீங்களே, அதுதான். நான் சொன்னத நீங்க கேட்டும் 'சரி'ன்னீங்களா, கேக்காம 'சரி'ன்னீங்களா? பஸ்ஸுல மேட்டுப்பாளையம் இறங்கற வரைக்கும் அதையேதான் நெனச்சிட்டுப் போனேன்."

இதற்குச் சரி என்று சொல்ல முடியாது.

மாலையில் கனகமணி வீட்டுக்குப் போனேன். நான் போயிருக்க வேண்டிய இடத்துக்கு நீ போனாய், நன்றி என்றேன். அவள் நீளமாக ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். அவ்வளவு நீளமாகச் சொன்னதைச் சுருக்கி, "உள்ள வாங்க, டீ போடறேன்" என்றாள். உட்கார்ந்து குடித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்டேன். சொன்னாள். அதை எழுதப்போவதில்லை.

ஷைனா, உன்னால்தான் இது எனக்குத் தெரிந்தது. அனுப்ப மாட்டேன் என்று நீ மறுத்ததற்கும் சேர்த்தே சொல்கிறேன். வயதில் சிறியவர்களுக்கு நன்றி எழுதும் வாசகம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. ஆகையால் வெறுமனே நன்றி.

நாலாம் தேதி என்ன ஆகும் என்று கேட்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட எனக்குப் பழக்கமில்லை.

அப்பா

&nbsp;

புனே
30 செப்டம்பர் 2025

அப்பா,

கடிதத்தை ஷிஜோவுக்கும் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

கேட்டதற்கு நன்றி அப்பா.

அம்மாவுக்குத் தனி முகவரி போட்டுவிட்டேன், இனி எனக்கு அனுப்புவது எனக்கே வரும். இன்று காலை பேசினார். வருகிறேன் என்றுதான் சொல்கிறார். இரு என்றோ வா என்றோ நான் சொல்லவில்லை. நாள் நெருங்கிவிட்டது.

ஷைனா

&nbsp;

வெலிங்டன்
2 அக்டோபர் 2025

அன்புள்ள ஷைனா,

நேற்றுக் காலை இரண்டாம் பாகம் வந்துவிட்டது. நிலுவைக் கோப்பு சொன்ன தேதியில் தானாக நகர்ந்தது என்று நஞ்சப்பனிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

திறக்கவில்லை. ஃபோனை உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, வந்திருக்கிறது, அழித்துவிடலாமா என்றேன். ஏதோ சொன்னாள். கேட்டேன். "பாருங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீ பாடுபட்டுச் செய்த ஏற்பாடு, அடியில் எழுத்து வரிவரியாக ஓடியது. மன்னித்துக்கொள், ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஃபோனை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் பெட்டியை இறக்கித் துணி அடுக்கத் தொடங்கினாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். போகாதே என்று சொல்லலாமா என்று யோசித்தேன். இவ்வளவு நாள் அவள் சொன்ன எதையும் கேட்காதவன், அவள் கேட்டு வாங்கிய ஒரே டிக்கெட்டைக் கிழிக்கச் சொல்வது முறையாகப் படவில்லை. மெஷினை அலமாரியிலிருந்து எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். குக்கர் அடுப்பில் இல்லாத நேரம்.

"நானும் வரட்டுமா?" என்றேன்.

பதில் சொன்னாள். பெட்டிக்குள் குனிந்துகொண்டு சொன்னதால் முகம் தெரியவில்லை. மெஷினில் ஒரு சரசரப்பு மட்டும் வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முன்பென்றால் சரி என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போயிருப்பேன்.

"என்ன?" என்றேன்.

நிமிர்ந்தாள். என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "உங்க ரெண்டு ஸ்வெட்டரையும் எடுத்து வெளிய வெச்சுட்டேன். அங்க வெயிலாம். நாலு சட்டை போதும்."

கோயமுத்தூரிலிருந்து அதே ரயிலில் இன்னொரு டிக்கெட் கிடைக்குமா என்று பார். உட்காரும் இடம் தள்ளியிருந்தால் பரவாயில்லை என்று எழுத வந்தேன். இல்லை, பரவாயில்லை அல்ல. அவள் எதிரில் வேண்டும்.

அப்பா